வெடித்த நிலம் தாங்கும் என்றார்

மாலை நாலு பத்துக்கு என் கணவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். முன்பக்கக் கடிகாரத்தில் அந்த மணி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குப் பயணம் முழுக்க நேர் எதிரே தெரிந்தது அந்தக் கடிகாரம்தான். மாப்பிள்ளை பிரேக் போட்டார். பின்னால் துரத்தி வந்த புழுதி எங்களைத் தாண்டிப் போய் அடங்கியது.

வலது கைப்பக்கம் கண்ணுக்கு எட்டியவரை வெளுத்த தரை. புல் இல்லை, கல் இல்லை. எந்தக் காலத்திலோ ஏரியாக இருந்து வற்றிப்போன உப்புப் படுகை என்று மகள் சொல்லியிருந்தாள். போட்ஸ்வானாவின் வடக்கில் இப்படிப் பல இருக்கின்றன. எங்கள் பாதை அதன் கரையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது.

"மாப்பிள்ளே, அந்தா எதுத்த கரையில மரம் வரிசையாத் தெரியுதுல்லா, அதானே நாம போவ வேண்டிய ரோடு?" என்றார் என் கணவர்.

"ஆமா மாமா."

"பெறவு என்னத்துக்கு ஊரைச் சுத்துதோம்? நேரா விட்டா பொழுது சாயறதுக்கு முன்ன போயிறலாம்லா."

"உள்ள எறங்கக் கூடாதும்பாவ மாமா. வண்டி குடுக்கும்போதே முதலாளி சொல்லித்தான் விட்டாவ."

என் கணவர் கதவைத் திறந்து இறங்கினார். படுகையின் ஓரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, வெடிப்பு ஒன்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எழுந்து குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார். எங்கள் ஊரில் பருத்திக்காட்டு ஓரத்தில் அவர் அப்படிச் செய்வதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

"மூணு வெரக்கடை வெடிச்சிருக்கு. இதுல லாரியே போவும். முப்பது வருசமா இதைத்தானே பாக்கேன்? வெடிச்ச நெலம் தாங்கும் மாப்பிள்ளே."

மாப்பிள்ளை கண்ணாடி வழியாக என் மகளைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். எங்கள் பக்கத்தில் மருமகன் மாமனாரிடம் ஒரு விஷயத்தை ஒருதடவை சொல்லலாம். அது தகவல். இரண்டாம் தடவை சொன்னால் எதிர்த்துப் பேசியதாகிவிடும். அவர் இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார்.

கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு என் கணவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியாது. மழை பெய்தால் அது செருப்பைப் பிடுங்கும், சக்கரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. பங்குனி, சித்திரையில் காய்ந்து வெடித்துவிட்டால் அதைப்போல் கெட்டியான தரை கிடையாது. கடம்பூர், எப்போதும்வென்றான் பக்கத்துக் காடுகளில் உளுந்தும் பருத்தியும் வாங்கி விற்கிற வியாபாரம் அவருக்கு. லாரியைக் காட்டின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி மூடை ஏற்றுவார்கள். டிரைவர் தயங்கினால் இவர் இறங்கி வெடிப்பைப் பார்த்துவிட்டு, "வா வா" என்று கையைக் காட்டுவார். அவர் கையைக் காட்டி ஒரு லாரிகூடப் புதைந்ததில்லை. அதனால் எனக்கும் அன்று சந்தேகம் வரவில்லை.

இப்போது கோடையில் பேருந்தில் போகும்போது இருபக்கமும் வெடித்துக் கிடக்கிற நிலத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஜன்னல் கதவை இறக்கிவிடுவேன். வெயிலுக்குத்தான் இறக்குகிறேன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நாட்டுக்கு நாங்கள் போனதே மகளைப் பார்க்கத்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. மாப்பிள்ளை சாத்தூர்ப் பக்கத்துப் பையன். பிரான்சிஸ்டவுன் என்கிற ஊரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு இவரோடு கிளம்பினேன். போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளை தன் முதலாளியின் வண்டியைக் கேட்டு வாங்கினார். பின்னால் திறந்த தொட்டியும், உள்ளே இரண்டு வரிசை இருக்கையும் உள்ள பெரிய வண்டி. பாலைவனத்து ஊர்களையும் மிருகங்கள் இருக்கிற காடுகளையும் சுற்றிக்காட்டி ஒரு வாரத்தில் திரும்புவதாகத் திட்டம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான். ஊரில் அது பெரிய சிரமமாக இருந்ததில்லை. அவர் முன்கட்டில் இருந்தால் நான் அடுப்படியில் இருப்பேன். நாலு பேர் ஒரு வண்டிக்குள் ஒரு வாரம் இருக்கும்போதுதான் அது வேடிக்கையாகிப் போனது. மாப்பிள்ளையின் தலை எனக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும். நான் மகளிடம், "ஏட்டி, மாப்பிள்ளை ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டு ஓட்டட்டும்னு சொல்லு" என்பேன்.

"அவியளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்மா. நீயே சொல்லேன்."

"சொல்லுட்டீங்கேன்."

"என்னங்க, ஒங்க மாமியார் உத்தரவு. ரெண்டு இட்லி."

"நாலாத் தரச் சொல்லு" என்பார் அவர், கண்ணாடியைப் பார்க்காமல்.

லெட்லகானே, ரகோப்ஸ், மாவுன் என்று ஊர்கள் வந்தன. நடுவில் பல இடங்களில் ஊர் என்று சொல்ல ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாராயக் கடை, தகரக் கூரை போட்ட நாலு வீடு. நடுரோட்டில் கழுதைகள் அசையாமல் நிற்கும். மரமென்றால் முள்மரம், அதன் நிழலில் ஆடு. என் கணவருக்கு ஒரே சந்தோஷம். எதைப் பார்த்தாலும், "இது நம்ம பசுவந்தனை ரோடு மாதிரியே இருக்குல்லா?" என்பார்.

"எப்பா, இதுக்கா பிளேன் ஏறி வந்திய? ஓட்டப்பிடாரத்துல எறங்கியிருந்தா டவுன் பஸ்ஸோட முடிஞ்சிருக்கும்" என்றாள் மகள்.

"இந்த யானை மட்டும் நம்ம ஊருல கெடையாது மாமா" என்று மாப்பிள்ளை காட்டினார். பாதையோரம் ஒரு கூட்டம் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு நின்றது.

"ஏன் இல்ல? கோயில்ல நிக்கே."

மாட்டு நோய் பரவாமல் இருக்க அங்கே ரோட்டின் குறுக்கே வேலி போட்டு, கேட் வைத்துச் சோதிக்கிறார்கள். பச்சை இறைச்சி கொண்டுபோகக் கூடாது. ஒரு காவல்காரப் பெண் எங்கள் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவள் அப்படியே மூடி, மூக்கைப் பொத்திக்கொண்டு, போங்கள் போங்கள் என்று கையை வீசினாள். மகள் சிரித்துச் சிரித்து இருக்கையில் சரிந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் கடைசி என்று சொல்லலாம்.

மாவுனுக்கு மேலே காட்டுக்குள் சிங்கங்களைப் பார்த்தோம். வரிக்குதிரைக் குட்டி ஒன்றை மூன்று சிங்கங்கள் தின்றுகொண்டிருந்தன. குட்டியின் தாய் ஓடிப்போகவில்லை. எட்டத்தில் நின்று, தலையைக் குனிந்து ஒரு வாய் புல்லைக் கடிப்பதும், நிமிர்ந்து இங்கே பார்ப்பதுமாக இருந்தது. "ஏட்டி, போவச் சொல்லுட்டி" என்றேன். மகள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் சொல்வது எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் இந்தப் படுகை. எதிர்க்கரைச் சாலையைப் பிடித்து, இருட்டுவதற்குள் க்வெட்டா என்கிற ஊரில் தங்குமிடம் போய்ச் சேர வேண்டும். இருட்டிவிட்டால் ரோட்டில் மாடும் கழுதையும் யானையும் குறுக்கே வரும்.

படுகைக்குள் இறங்கியதும் முதலில் அப்படி ஒரு சுகமான ஓட்டம். ஒரு வாரம் குலுக்கி எடுத்த வண்டி வழுக்கிக்கொண்டு போனது. என் கணவர் பின்னால் திரும்பி, "பாத்தியா, கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி!" என்றார். அதன் பிறகு சக்கரத்தின் சத்தம் மாறியது. அதுவரை கரகரவென்று வந்தது, ஈரப் பாயில் நடப்பதுபோல ஆனது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். வண்டியின் மூக்கு கீழே குத்தி நின்றது. என் நெற்றி முன் இருக்கையில் மோதியது.

இறங்கிய என் கணவரின் கால் முழங்கால்வரை உள்ளே போனது. மேலே வெடித்திருந்தது ஒரு தோல்தான். ஒரு விரல் கனம் இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் களி, சாக்கடை நாற்றத்தோடு. காலை உருவி எடுத்துவிட்டு, கையில் ஒட்டிய களியை அவர் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். தெரிந்த ஒரு ஆள் தெரியாததுபோல் நடந்துகொண்டால் எப்படிப் பார்ப்போமோ அப்படி.

பொழுது சாயும்வரை தோண்டினோம். மண்வெட்டி இல்லை. எவர்சில்வர் தட்டுகளால் தோண்டினோம். சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஒரு குச்சியோ கல்லோ அந்த வெளியில் கிடையாது. கால்மிதிகளைக் கொடுத்தோம். என் சேலைகள் இரண்டைக் கொடுத்தோம். சக்கரம் அவற்றையும் சுருட்டி விழுங்கிவிட்டு இன்னும் கீழே போனது. ஜாக்கியை வைத்தால் வண்டி எழும்பவில்லை, ஜாக்கி இறங்கியது. மகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியின் கூரைமேல் ஏறி நின்றாள். ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. இருட்டியதும் குளிர் அடித்தது. நாலு பேரும் வண்டிக்குள் கிடந்தோம்.

விடிந்ததும் மாப்பிள்ளை ஷூவை உதறி மாட்டினார்.

"வந்த சக்கரத் தடத்துலயே திரும்பி நடந்தா கரை. கரையிலேருந்து அந்த மாட்டுப்பட்டி. நேத்து பாத்தோம்லா மாமா, தண்ணி எறைக்கிற காத்தாடி ஒண்ணு சுத்திக்கிட்டு இருந்துது. மத்தியானத்துக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வந்துருவேன்."

"நானும் வாரேன்" என்றார் என் கணவர்.

"நீங்க இங்கன இருங்க மாமா. பொம்பளையாளுகளைத் தனியா விட்டுட்டா போறது?"

மகள் அவர் முன்னால் போய் நின்றாள். "என்ன ஆனாலும் வண்டியை விட்டுப் போவக் கூடாதுன்னு ஒங்க முதலாளி சொல்லலியா?"

"சொன்னாவ."

"பெறவு?"

அவர் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். முதலாளி சொன்ன இன்னொன்றை, படுகைக்குள் இறங்கக் கூடாது என்றதை, அங்கே யாருமே எடுக்கவில்லை. என் கணவர் வண்டிக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

"ஏட்டி, மாப்பிள்ளையப் போவ வேண்டாம்னு சொல்லு. ஆளு வராமலா போயிரும்? ஒரு நாளு பாப்போம்னு சொல்லு" என்றேன்.

"கேக்குதுல்லா உங்களுக்கு?" என்றாள் மகள் அவரிடம்.

"பயப்பட வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லு. தடத்தை விட்டு ஒரு அடி வெலக மாட்டேன்."

அப்போது நான் நேராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாரா என்று மகள் பிறகு என்னைக் கேட்டதுண்டு. தெரியவில்லை. என் தொண்டையில் அந்தக் குரல் அப்போது இருந்ததா என்பதே எனக்குத் தெரியவில்லை. புகுந்த வீட்டில் முப்பது வருஷம் ஆண்களிடம் இன்னொருவர் வழியாகவே பேசிப் பழகிவிட்ட வாய் அது.

கேனில் தண்ணீர் பாதிக்கும் கீழே இருந்தது. மகள் மூன்று பாட்டில் நிரப்பிக் கொடுத்தாள். அவர் ஒன்றை எடுத்து இருக்கையில் திரும்ப வைத்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நெடுநேரம் தெரிந்தார். வெயில் ஏற ஏற அந்தத் தரை முழுவதும் தண்ணீர்போல் மினுங்க ஆரம்பித்தது. முதலில் அவர் கால்கள் காணாமல் போயின. இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு மட்டும் தண்ணீரில் மிதந்து போவதுபோல் இருந்தது. பிறகு அது ஒரு குச்சியானது, இரண்டானது, இல்லாமலும் ஆனது. மகள் கண்ணுக்குமேல் வைத்த கையை எடுக்கவேயில்லை.

மத்தியானம் வந்தது. போனது. வண்டிக்கும் தரைக்கும் நடுவே போர்வையைக் கட்டி அதன் நிழலில் கிடந்தோம். உதட்டைத் தொட்டால் உப்பு. ஒரு குருவி இல்லை, ஈ இல்லை. என் கணவர் வெளியே வெயிலில் உட்கார்ந்து, தரையின் மேல்தோலைப் பெயர்த்து, விரலால் பொடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வரவில்லை.

"நம்ம மண்ணு மாதிரியேதான் இருந்துது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

மகள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"நம்ம மண்ணு, நம்ம மண்ணு! வந்த நாளா இதே பேச்சு. கழுதையப் பாத்தா நம்ம கழுதை, முள்ளைப் பாத்தா நம்ம முள்ளு. இது ஒங்க மண்ணாப்பா? அவியதான் சொன்னாவல்லா, எறங்கக் கூடாதுன்னு? மாமனாரை எதுத்து ரெண்டாவது வார்த்தை பேச மாட்டாவன்னு தெரிஞ்சுதான சொன்னிய?"

"ஏட்டி, அப்பாகிட்ட என்ன பேச்சு பேசுத?" என்றேன்.

"நீ பேசாத. நீ இன்னும் யாருகிட்டச் சொல்லச் சொல்லப் போற? ஆளுதான் இல்லியே!"

கடைக்காரர்களிடம் காசு வசூலிக்கப் போய் வாய்ச்சண்டையில் ஒருநாளும் தோற்காதவர் என் கணவர். பொடித்த மண்ணைக் கையிலிருந்து தட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் செருப்பை மாட்டினாள். "நான் போய்ப் பாக்கேன். தண்ணியத் தா."

நான் கேனைப் பக்கத்தில் இழுத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"தர மாட்டேன்."

"தராட்டி வெறுங்கையோட போறேன்."

"போ. போய்ப் பாரு."

கோவில்பட்டியில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடங்களை வரிசை போட்டு வாழ்ந்தவள் நான். தண்ணீரைக் காவல் காக்கத் தெரியும். வாசலில் வந்து கேட்ட யாருக்கும் ஒரு செம்பு இல்லை என்று சொன்னதில்லை. பெற்ற பிள்ளைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் கொஞ்ச தூரம் போனாள். நின்றாள். அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்று, அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் எழுந்து போகவில்லை. எழுந்தால் கேனை எடுத்துவிடுவாள் என்று பயம். அழுகிற பிள்ளையைத் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் எழுந்தார். வண்டியின் அடியிலிருந்து ஸ்டெப்னியைக் கழற்றினார். அதைத் தனியாக உருட்டிக்கொண்டு போய், வண்டிக்கு எட்டத்தில் படுக்கப் போட்டார். தன் வேட்டியைக் கிழித்து டீசல் டாங்கிக்குள் விட்டு நனைத்து நனைத்து எடுத்துவந்து டயர்மேல் பிழிந்தார். மாவுனில் வாங்கிய தீப்பெட்டி ஒன்று இருந்தது. அதன் முதுகைப் புரட்டிப் பார்த்தவர், "நம்ம பக்கத்துச் சரக்கு" என்றார். சொல்லிவிட்டு உடனே மகள் இருந்த பக்கம் பார்த்தார். வாய் தவறி வந்துவிட்டது. குச்சியைக் கிழித்து டயர்மேல் போட்டார். டயர் பிடித்துக்கொண்டது.

காற்று அசையாத வெளி. புகை கறுப்பாக, தூண்போல நேரே ஏறியது. அது எத்தனை ஊருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அங்கே ஊர் ஏது என்றும் நினைத்தேன்.

பொழுது இறங்கும்போது ஒரு குதிரை வந்தது. எங்கள் சக்கரத் தடத்தின் மேலேயே நடந்து வந்தது. கிழிந்த மேல்கோட்டு போட்ட ஒரு ஆள் இறங்கினார். அந்த மாட்டுப்பட்டியில் மாடு பார்க்கிறவர். மகள் ஓடிப்போய், "அவர் எங்கே? உங்களிடம் வந்தாரே, அவர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

யாரும் வரவில்லை என்றார் அவர். புகையைப் பார்த்துத்தான் வந்தாராம்.

அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வந்தது. மெதுவாகச் சொன்னார். வருகிற வழியில், தடத்தை ஒட்டி ஒரு ஆள் நடந்துபோன கால் அச்சுகளைப் பார்த்திருக்கிறார். கரைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அச்சுகள் தடத்தை விட்டு இடது பக்கம் திரும்பிவிட்டன. யாரோ வழி தெரிந்த ஆள் குறுக்கே வீட்டுக்குப் போகிறான் என்று நினைத்தாராம். இடது பக்கம் என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் அவர். எதைப் பார்த்து மாப்பிள்ளை திரும்பினாரோ தெரியவில்லை. நாங்கள் இருந்த இடத்திலிருந்தும் பகலெல்லாம் நாலா பக்கமும் மரங்கள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் மரங்கள் தரையை விட்டு மேலே எழும்பும்.

அந்த ஆள் சூரியனைப் பார்த்தார். தன் தோல்பையில் இருந்த தண்ணீரை எங்கள் பாத்திரத்தில் ஊற்றினார். இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று என் மகளைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையாட்டாததால் மறுபடியும் சொன்னார். பிறகு குதிரையில் ஏறி, வந்த வழியே போனார்.

அன்று ராத்திரி என் கணவர் வண்டிக்குள் வரவில்லை. அணைந்துபோன டயர் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது டயரைக் கழற்ற வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். மகள் என் மடியில் தலை வைத்திருந்தாள். தூங்கவில்லை. நான் வேண்டாத சாமி இல்லை. கழுகுமலைக்கு நடந்து வருகிறேன் என்றேன், மொட்டை போடுகிறேன் என்றேன். கூடவே மனசின் இன்னொரு பக்கம் சாத்தூருக்குப் போய் மாப்பிள்ளையின் தாயார் முன்னால் எப்படி நிற்பது, முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தது. அப்படி யோசித்ததற்காக என்னையே வெறுத்தேன். யோசனை நிற்கவில்லை. இப்போதும் சில நாள் சமையல் செய்துகொண்டிருக்கும்போது, அந்தத் தாயாரிடம் சொல்ல வேண்டிய அந்த முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். அடுப்பில் இருப்பது தீய்ந்துபோகும்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கரைப்பக்கம் ஒரு கண்ணாடி மின்னியது. வண்டி. அது படுகைக்குள் இறங்கவில்லை, கரையிலேயே நின்றது. மூன்று உருவங்கள் இறங்கி நடந்து வர ஆரம்பித்தன. அவை பக்கத்தில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. மகள் எண்ணிக்கொண்டே இருந்தாள். மூன்று பேர். அதில் துண்டு போட்டவர் யாராவது உண்டா என்று என்னிடம் கேட்டாள். என் பார்வை போதாது. அவளுக்கே தெரிந்தபோது என் கையை விட்டுவிட்டாள்.

முன்னால் வந்தது காக்கி உடை போட்ட ஒரு பெண். வனவிலங்குத் துறை அதிகாரி. என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். அவளுக்குப் பின்னால் வந்த ஆண்கள் இருவரும் தோளில் தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள். பூட்ஸ் முழுவதும் களி. வந்ததும் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். வணக்கம் சொன்னாள். அவசரமில்லாமல் சொன்னாள்.

"இதில் மனைவி யார்?"

நான் மகளின் முதுகில் கை வைத்தேன்.

"உயிரோடு இருக்கிறார்" என்றாள் அந்தப் பெண். "கரைக்கு அப்பால் ஒரு முள்மரத்தடியில் கிடந்தார். குதிரைக்காரர் விடிவதற்கு முன் கண்டுபிடித்து எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம். எழுந்து நிற்க முடியவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை. எப்படியாகும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நான் கிளம்பும்போது மூச்சு நன்றாக இருந்தது, தண்ணீர் குடித்தார்."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். நின்றுகொண்டிருந்தது என் கணவர் மட்டும்தான். கிழிந்த வேட்டி, டயர்க்கரி அப்பிய கைகள். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள்தான் அவருடைய மாமனாரா?"

பள்ளிக்கூடத்துப் பையனைப்போல அவர் கையை உயர்த்தினார்.

"அரை மயக்கத்தில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். உங்களிடம் மறக்காமல் சொல்லச் சொன்னார். வண்டியை உள்ளே இறக்கியது அவருடைய சொந்த யோசனையாம். மாமாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்."